எண்பதாயிரம் புள்ளி

எங்கள் காலனியில் பதினோரு வீட்டுச் செலவு ஒரே அட்டையில் போகிறது. அட்டை என் பேரில். தண்டலத்திலிருந்து பேரம்பாக்கம் போகிற சாலையில், மண்ணூரில் இறங்கினால் எங்கள் தெரு. ஒரகடத்தில் ஒரு உதிரிப்பாகக் கம்பெனியில் நான் பர்மனென்ட். தம்பிமார், மச்சான்மார், மாமன் பிள்ளைகள் எல்லாரும் சிப்காட்டில்தான் இருக்கிறார்கள், ஆனால் கான்ட்ராக்ட். சட்டை ஒரே நிறம். கழுத்தில் தொங்கும் கார்டின் கயிறு மட்டும் வேறு நிறம். பேங்க்காரன் கம்பெனி கேட்டில் மேசை போட்டு உட்கார்ந்தபோது கயிற்றைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிட்டான்.

என் தம்பி இன்னொரு பேங்க்கில் எழுதிப் போட்டான். சம்பளம் சரி என்றார்கள். முகவரியைப் பார்த்துவிட்டு, "இந்த ஏரியா எங்க லிஸ்ட்ல இல்ல" என்றார்கள். ஊர்த்தெரு லிஸ்டில் இருந்தது. இரண்டுக்கும் பின்கோடு ஒன்றுதான்.

அதனால் பதினோரு வீட்டு மளிகை, கேஸ், பிரிட்ஜ், பிள்ளைகளின் காலேஜ் பீஸ் எல்லாம் என் அட்டையில். மாதம் மூன்றாம் தேதி அவரவர் காசை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். ஒரு வீட்டில் முடியாவிட்டால் மற்றவர்கள் போட்டு அடைப்பார்கள். சீட்டு பிடித்துப் பழகிய சனம், இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கெடு தப்பினால் மாதம் மூன்றரை வட்டி, வருஷத்துக்கு 42. தமிழ்நாட்டில் 2003இல் கந்துவட்டிக்குத் தடைச்சட்டம் போட்டார்கள். பேங்க் வாங்கினால் அதற்குப் பேர் கந்துவட்டி இல்லை. 30க்கு மேல் வாங்குவது முறையல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. உச்சநீதிமன்றம் 2024 டிசம்பரில் அதையும் தள்ளிவிட்டது. நாங்கள் ஒரு மாதமும் வட்டி கட்டியதில்லை.

என் அட்டையில் நூறு ரூபாய்க்கு 4 புள்ளி. ஒரு புள்ளி 25 காசு. ஆக நூறுக்கு ஒரு ரூபாய். 2018 முதல் 2023 முடிய ஆறு வருஷத்தில் இருபது லட்சம் செலவு, எண்பதாயிரம் புள்ளி. இருபதாயிரம் ரூபாய்.

இந்தப் பணம் யார் கொடுத்தது? பேங்க் கொடுக்கவில்லை. நூறு ரூபாய்க்கு அட்டை தேய்த்தால் கடைக்காரன் கைக்கு ஏறக்குறைய 98தான் போகும். எடுத்ததில் ஒரு துண்டு நமக்குப் புள்ளியாக வருகிறது. கடைக்காரன் அதை விலையில் ஏற்றுகிறான், ரொக்கம் கொடுக்கிறவனும் அதே விலைதான் கொடுக்கிறான். இன்னொரு பங்கு, கெடு தப்பி 42 வட்டி கட்டுகிறவன் தலையில். அதாவது அட்டை கிடைக்காதவனும் கடனில் மாட்டினவனும் சேர்ந்து, அட்டைக்காரனைத் தீவுக்கு அனுப்புகிறார்கள். ஆபீசர்மார் குடும்பத்தோடு போய்வரும் சிங்கப்பூரும் மாலத்தீவும் இந்த வகையில்தான். அதை யாரும் ஓசி என்று சொல்வதில்லை. நாங்கள் போகப்போகிறோம் என்று தெரிந்ததும் கம்பெனியில் ஒருத்தர் கேட்டார்: "என்னப்பா, ப்ளைட்லயும் கோட்டாவா?"

புள்ளியை எப்படிப் பிரிப்பது என்று கோயில் திட்டில் உட்கார்ந்து பேசினோம். பிரித்தால் வீட்டுக்கு ஆயிரத்து எண்ணூறு சொச்சம். மிக்சிகூட வராது. மாமன் மகள்தான் சொன்னாள், பெரிசுங்க ரெண்டு பேர ஏரோப்ளேன்ல ஏத்துங்க என்று. எங்கள் அம்மாவும் சின்னம்மாவும்தான் தெருவில் மூத்தவர்கள். காலனிக் கடை அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாதச் சாமானெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் பெரிய கடைக்குப் போய்விட்டதே. அவள் கோபம் நியாயம். அரிசி, பருப்பு, எண்ணெய் போக மற்றதெல்லாம் இனி அவளிடம் ரொக்கத்துக்குத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்தோம்.

2024 ஜனவரியில் போனோம். மூன்று பேருக்குப் போகவர 31 ஆயிரம், புள்ளி போக மீதி கையிலிருந்து. வருஷச் செலவு ஒரு அளவு தாண்டினால் பேங்க் தருகிற ஒரு இரவு விடுதிச் சீட்டும் இருந்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் இரண்டு மணி நேரச் சொச்சம். கப்பலென்றால் மூன்று நாள். அந்த ஊருக்கு அந்த வருஷம் செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று பேர் மாற்றினார்கள். ஹேவ்லாக் தீவுக்கு 2018லேயே ஸ்வராஜ் தீவு. சின்னம்மாவுக்கு எல்லாமே "அந்தமானு"தான்.

ஹேவ்லாக்கில் விடுதி. பெரிய கூடம், சில்லென்று ஜூஸ், பேர் எழுதும் தாள். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குப் போன அண்ணல் அம்பேத்கர், அமெரிக்காவில் படித்துவந்த மனிதர், தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பேர் எழுதிக்கொண்டு தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நான் எங்கள் மூன்று பேருடைய பேரையும் அப்பன் பேரோடு முழுசாக எழுதினேன். அந்தப் பெண் "சர்நேம்?" என்றாள். இல்லை என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டாள். அம்மா அறைக்குள் போனதும் கட்டில் விரிப்பைத் தடவிப் பார்த்து, "இத யாரு தொவைக்கிறாங்க?" என்று கேட்டாள்.

துவைக்கிறவர்கள் ராஞ்சிக்காரர்கள். சோட்டா நாக்பூர் ஆதிவாசிகள். காடு வெட்ட 1918இலிருந்து கொண்டுவந்தார்கள். ராஞ்சி என்பதே அவர்கள் பேராகிவிட்டது. நம்ம சனமும் தீவில் உண்டு. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் சிலரை நிக்கோபாரில், கச்சாலில், ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். விடுமுறை விளம்பரத்தில் இவர்கள் வரமாட்டார்கள்.

ஹேவ்லாக் சந்தையில் டீக்கடைக்காரர் வங்காளி. லைனில் பீகார்ப் பையன்களிடம் கற்ற இந்தி எனக்குக் கொஞ்சம் உண்டு. அவருடைய தாத்தா கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்தவர். 1950களில் இந்தத் தீவில் இறக்கி, காட்டை வெட்டிப் பிழைத்துக்கொள் என்று நிலம் கொடுத்தார்களாம். என்ன சாதி என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: நமசூத்ரா.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1946இல் பம்பாயிலிருந்து அம்பேத்கரால் அரசியல் நிர்ணய சபைக்குப் போக முடியவில்லை. வங்காளத்திலிருந்துதான் போனார். அனுப்பியவர்கள் ஜோகேந்திரநாத் மண்டலும் அவரோடிருந்த நமசூத்ரர்களும். பிரிவினையில் அவர்கள் மண் பாகிஸ்தானுக்குப் போயிற்று, சனம் அகதியாயிற்று. அம்பேத்கர் பிறகு பம்பாயிலிருந்து வந்தார். அந்தச் சட்டத்தில் 15ஆம் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு: கடை, ஓட்டல், கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை – சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது. எங்கள் அம்மா ஏறிய ஓட்டல் படிக்கட்டு அந்த வரியில் இருக்கிறது. டீக்கடைக்காரரிடம் அம்பேத்கர் பேரைச் சொன்னேன். "ஹமாரா ஆத்மி" என்றார். டீக்குக் காசு வாங்கவில்லை.

ராதாநகர் கடற்கரையை 2004இல் ஆசியாவிலேயே சிறந்ததென்று டைம் பத்திரிகை எழுதியது. உண்மையிலேயே அழகுதான், பொய் சொல்லக் கூடாது. மாவு மாதிரி மணல், பின்னால் மகுவா மரங்கள். அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள், இடுப்பளவு. சின்னம்மா கரையிலிருந்து, "யக்கா, போதும் வா" என்று கத்தினாள். அம்மா திரும்பவேயில்லை.

அம்மா பிறந்த ஊரில் (பேர் வேண்டாம்) ஒரு குளம் இருந்தது. மாடு இறங்கும். எங்காளுங்க இறங்கக் கூடாது. கல்யாணமாகி வரும்வரை அம்மா அந்தத் தண்ணியில் காலை நனைத்ததில்லை. இதையெல்லாம் அவள் அழுதுகொண்டு சொல்கிறவள் இல்லை. ராத்திரி அறையில் தலையைத் துவட்டிக்கொண்டே, "அந்தக் கொளம் இம்மாந்தூண்டு நைனா. அதுக்கா அந்த ஆட்டம் ஆடினானுங்க" என்றாள். சின்னம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

திரும்பி வந்ததும் தெருவில் ஒரு வாரம் அந்தமான் பேச்சுதான். சின்னம்மா கொண்டுவந்த சங்கு கடை அக்கா வீட்டில் இருக்கிறது, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுபடி புள்ளி சேர்கிறது. ஆனால் பேங்க் இப்போது விதியை மாற்றி, கேஸுக்கும் காலேஜ் பீஸுக்கும் புள்ளி இல்லை என்றுவிட்டது. அடுத்து யார் என்று பதினோரு சீட்டு எழுதிக் குலுக்கினோம். வந்தது எங்கள் பெரிய மாமன் பேர். அவருக்குக் கடல் வேண்டாமாம். நாக்பூர் போக வேண்டுமாம், தீட்சா பூமிக்கு. ரயில்லியே போலாமே மாமா, டிக்கட் கம்மியாச்சே என்று சொல்லிப் பார்த்தோம்.

"உங்கம்மா மட்டும் மேல பறப்பா, நான் அன்ரிசர்வ்ல நிக்கணுமா?" என்கிறார்.