ஆவிப் பெட்டியில் கரைந்தது என்ன?

நமது தேகத்தைப் பற்றி நாமே எழுதுவது அவ்வளவு அழகல்ல. ஆயினும், நேயர்களில் பலரும் நம்மைப் போன்ற தேகத்துடனேயே இருப்பார்கள் என்ற தைரியத்தில் எழுதத் துணிகிறோம். நமது எடை எண்பத்தாறு கிலோவைத் தாண்டியபோது, டாக்டர் சர்க்கரை வியாதிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, எடையைக் குறைக்கும்படி எச்சரித்தார். எப்படிக் குறைப்பது என்று கேட்டோம். "குறைத்துச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள்" என்றார். இவ்வளவு சாதாரணமான யோசனையை யார் மதிப்பார்கள்?

அச்சமயத்தில்தான் வடசென்னையில் ஓரிடத்தில் அந்த விளம்பரப் பலகை நம் கண்ணில் பட்டது. பத்தே நாளில் ஐந்து கிலோ குறையுமாம். மருந்தில்லை, பத்தியமில்லை, பயிற்சியில்லை. இந்த மூன்று 'இல்லை'களும் நம் உள்ளத்தைக் கொள்ளை கொண்டுவிட்டன. பத்து அமர்வுக்குப் பணத்தைக் கட்டினோம்.

கழுத்துக்குமேல் தலை மட்டும் வெளியே தெரியும்படி நம்மை ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து ஆவியை விட்டார்கள். இருபது நிமிஷம் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்ததும் தராசில் ஏற்றினார்கள். 86.4 கிலோ 85.6 ஆகியிருந்தது! எண்ணூறு கிராம் மாயமாய் மறைந்ததைக் கண்டு நாம் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து மோர் பருகினோம். இரவு வழக்கம்போல் உண்டோம். மறுநாள் காலை எடை பார்த்தால் 86.3! வெளியேறிய நண்பர் நாம் அழைக்காமலே திரும்பி வந்துவிட்டார்.

இதோடு போயிருந்தால் பணத்தோடு போயிற்று. ஆனால் அங்கிருந்த ஆலோசகர், "கழிவெல்லாம் வெளியேறிவிட்டால் மாத்திரை எதற்கு ஸார்?" என்று கேட்டார். நமக்கும் மாத்திரையிடம் பிரியம் கிடையாது, நிறுத்திவிட்டோம். மூன்றாவது வாரம் தீராத தாகமும் சோர்வும் வந்தன. வெறும் வயிற்றில் இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை 280 என்று காட்டிற்று. நமது மனைவியார் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் நம்மை யோசிக்க வைத்தது.

அடுத்த வீட்டுப் பெரியவர் எண்ணூர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் முப்பது வருஷம் கொதிகலன் முன்னால் வேலை பார்த்தவர். நமது கதையைக் கேட்டுத் தமது தொந்தியைத் தடவிக்கொண்டே, "வேர்வையில் கொழுப்புக் கரையுமானால், தம்பி, நான் இந்நேரம் துரும்பாய்ப் போயிருக்க வேண்டாமா?" என்றார். வாஸ்தவந்தான். வேர்வை என்பது நீரும் உப்பும். உடற்கொழுப்பு எரிந்தால்தான் குறையும். எரிந்தது எங்கே போகிறது என்று 2014ஆம் வருஷத்தில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். பத்துக் கிலோ கொழுப்பு முற்றிலும் எரிந்தால், ஏறக்குறைய 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகும், 1.6 கிலோ நீராக மாறும். கொழுப்பு வெளியேறும் பெரிய வாசல் தோல் அல்ல, நாசி!

வாழை இலைக் குளியலில் இலையைச் சுற்றி வெயிலில் கிடத்துவதும், கொள்ளு மாவு தேய்ப்பதும், 'கழிவு நீக்கம்' என்பதும் இதே கணக்கில்தான் சேரும். இரத்தத்தில் சேரும் கழிவுகளை அகற்ற ஈரலும் சிறுநீரகமும் இரவு பகலாய் உழைக்கின்றன. இதய நோயாளிகளும், இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்போரும் அதிக ஆவியில் அமர்ந்தால் மயங்கி விழவுங்கூடும்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கொழுப்பை உறைய வைக்கும் கருவி ஒன்றை அமெரிக்க அரசாங்கம் 2010இல் அனுமதித்தது. அது இடுப்பிலோ வயிற்றிலோ ஓரிடத்துக் கொழுப்பைச் சிறிது மெலியச் செய்யும். ஆனால் எடையைக் குறைக்கும் சிகிச்சையன்று. தொக்கணமும் ஒற்றடமும் உடல்வலிக்கு இதம் தருவது உண்மையே. காசிமேட்டில் மீன் கூடை சுமந்த முதுகுக்கு அந்தச் சுகம் வேண்டியதுதான். சுகத்தைச் சுகம் என்று விற்கட்டும், நமக்கு ஆட்சேபமில்லை.

காந்தி மகான் மண் பட்டியையும் தொட்டி ஸ்நானத்தையும் நம்பியவர். 1946இல் உருளிகாஞ்சனில் இயற்கை வைத்தியமும் செய்தார். ஆனால் அவர் மெலிந்த தேகத்துடன் விளங்கியது மண் பட்டியாலா? மிதமான உணவும், வேகமான நடையும் அல்லவா காரணம்! அவரிடம் மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு நடையை விட்டுவிட்டோம். உடற்பருமனைப் போக்கும் மருந்து என விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சுதந்திர இந்தியாவின் ஆரம்ப நாட்களிலேயே நம்மைப் போன்ற ஏமாளிகளை நினைத்துச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்!

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அதை ஒரு பிற்பகலில் கரைக்க எந்தப் பெட்டியாலும் ஆகாது. ஒரு கைப்பிடி சோறு குறைந்தும், ஒரு மணி நேரம் நடந்தும் மெல்ல மெல்லத்தான் கரையும்.

இப்போது மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறோம். விடியற்காலையில் திருவொற்றியூர்க் கடலோரம் பட்டினத்தார் சமாதி வரை நடந்து வருகிறோம். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. சர்க்கரையும் அடங்கியிருக்கிறது. ஆனால் எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்க, புழுதியையும் புகையையும் விழுங்கிக்கொண்டு அல்லவா நம் ஜனங்கள் நடக்க வேண்டியிருக்கிறது! மரநிழலில் ஒரு நல்ல நடைபாதை மட்டும் கிடைக்குமானால், ஆவிப் பெட்டிக்குள் தலையை நீட்டிக்கொண்டு உட்கார யார் போகப் போகிறார்கள்?