பார்க் அவென்யூவில் தயிர்சாதம்

பொதுப்பணித் துறையில் செங்கல்லும் கம்பியுமாக ஆயுளைக் கழித்த ஒருவரை நியூயார்க் கட்டடங்களைக் காட்டி அசத்திவிட முடியாது. கோவையிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பொறியாளர், எம்பயர் ஸ்டேட் உச்சியிலும் ஊரைப் பார்க்காமல் சுவர்ப்பூச்சைத் தட்டிப் பார்த்தவர். சீக்ராம் கட்டடத்துக்கு மட்டும் அவராகவே கிளம்பினார். பார்க்க அல்ல, சண்டை போட.

பார்க் அவென்யூ 375ஆம் எண்ணில் நிற்கும் இந்த 38 மாடி அலுவலகக் கோபுரம் 1958இல் முடிந்தது. வடிவமைத்தவர் மீஸ் வான் டெர் ரோ. கட்டடம் தன் எலும்பை மறைக்கக் கூடாது, ஒட்டு அலங்காரம் ஆகாது என்ற கட்சியின் தலைவர் என்றே சொல்லலாம். அப்பேர்ப்பட்டவரின் கோபுரத்தில், கண்ணாடி வரிசைகளுக்கு நடுவே உச்சிவரை வெண்கல உத்திரங்கள் ஓடுகின்றன. எஃகுச் சட்டகத்தில் பாரம் சுமக்கும் அதே ‘ஐ’ வடிவம். ஆனால் இவை கட்டடத்தின் பாரத்தைச் சுமக்கவில்லை. சுமக்கும் எஃகு உள்ளே இருக்கிறது. தீப்பிடித்தால் இளகிவிடாமலிருக்க அதைக் கான்கிரீட்டால் மூடியாக வேண்டும் என்பது நகர விதி. மறைந்துபோன எலும்பை மீஸ் வெளியே வெண்கலத்தில் எழுதிக் காட்டினார். இதற்கெல்லாம் போன வெண்கலம் சுமார் 1,500 டன். பச்சை பூக்காமலிருக்க அதற்கு எண்ணெய் தேய்த்துப் பராமரிக்க வேண்டும்.

“பாரம் தாங்காத உத்திரத்துக்கு எங்க ஆபீஸ்ல பில் போட்டா ஆடிட்டுல மாட்டிக்குவோம் அம்மிணி” என்றார்.

“கோயில் கோபுரத்துல நிக்கற பொம்மையெல்லாம் எதைத் தாங்குதுங்கப்பா?”

“கோபுரம் கட்டுனவன் அலங்காரமே ஆகாதுன்னு ஊருக்கு உபதேசம் பண்ணலையே!”

இந்தச் சுற்று அப்பாவுக்கு.

மதிய வேளை. கட்டடம் தெருவை ஒட்டி நிற்காமல் ஏறத்தாழ 90 அடி உள்வாங்கி நிற்கிறது. முன்னால் வெறும் கிரானைட் தரை, இரண்டு நீர்த்தொட்டிகள், ஓரங்களில் பச்சைச் சலவைக்கல் திண்டு. மகள் திண்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதம், மாவடு. அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அவினாசி சாலைக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் வாசலில் இப்படி உட்கார்ந்தால் வாட்ச்மேன் விசில் எத்தனை நொடியில் வரும் என்பது அவருக்குத் தெரியும். காவலர் ஒருவர் இவர்கள் பக்கம் வரவும், வாயில் வைத்த கவளத்தோடு பாக்ஸை மூடப்போனார். காவலர் தலையசைத்துவிட்டுக் கடந்துபோனார்.

பக்கத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் தன் பையை நகர்த்தி இடம் விட்டார். மாவடுவைக் காட்டி, ஆலிவா என்று கேட்டார். ஒன்று கொடுத்தார்கள். நிதானமாக மென்றவர் இன்னொன்று கேட்டது பொறியாளருக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று. அதோடு பேச்சு உத்திரத்திலிருந்து மண்ணுக்கு இறங்கிவிட்டது. இந்த இடம் சென்ட் என்ன விலைக்குப் போகும்? இதைப் போய் எவன் சும்மா விடுவான்?

சும்மா விடவில்லை என்பதுதான் பொறியாளரின் கட்சி. நியூயார்க்கின் 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடம் உயர உயரப் படிப்படியாகப் பின்வாங்க வேண்டியிருந்தது. மனையின் கால்பங்குக்குள் நிற்கும் கோபுரம் மட்டும் எவ்வளவு உயரமும் போக முடிந்தது. “சட்டத்துல இருக்கற சந்துல நுழைஞ்சிருக்கான், அவ்வளவுதான்.” அந்தச் சந்து எல்லோருக்கும் திறந்தே கிடந்தது, பெரும்பாலானோர் மனையை விளிம்புவரை அடைத்துப் படிப்படியாகத்தானே ஏறினார்கள் என்றாள் மகள். இந்தச் சுற்று அவளுக்குத்தான் போக வேண்டும்.

உண்மையில் இங்கே வரவிருந்ததும் வேறொரு கட்டடம்தான். சீக்ராம் நிறுவனத்தை நடத்தி, சாராய வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்த கனடாக்காரர் சாமுவேல் பிரான்ஃப்மன் 1954இல் ஒரு வரைபடத்தைப் பாரிஸிலிருந்த மகள் ஃபிலிஸ் லம்பர்ட்டுக்குக் காட்டினார். 27 வயது மகள் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினாள். கடிதத்தின் தொடக்கமே ‘வேண்டாம், வேண்டாம்’ என்ற அடுக்குதான். அப்பா கோபித்துக்கொள்ளவில்லை; கட்டடக் கலைஞரைத் தேடும் வேலையை அவளிடமே கொடுத்தார். அவள் கண்டுபிடித்தவர்தான் மீஸ். கோவைக்காரர் இதைக் கேட்டுக்கொண்டே டிபன் பாக்ஸைக் கழுவத் தண்ணீர் தேடினார். மகள் நீர்த்தொட்டிப் பக்கம் மட்டும் போக விடவில்லை.

அவரை மனமாரச் சிரிக்க வைத்தது வேறு கதை. எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்த மீஸுக்கு நியூயார்க் மாநில உரிமம் இல்லை. பள்ளிப் படிப்புக்குச் சான்று காட்டச் சொன்னது நிர்வாகம். ஜெர்மனியின் ஆகன் நகரக் கல்தச்சரின் மகன், கல்லூரியில் கட்டடக் கலை படிக்காதவர். கோபத்தோடு சிகாகோவுக்குத் திரும்பிவிட்டார். சிக்கல் தீரும்வரை கூட்டாளிக் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சன் வேலையை நடத்தினார். பைலும் பியூனும் எல்லா ஊரிலும் ஒரே சாதி என்று பொறியாளர் ஆறுதல் அடைந்தார்.

சர்க்கார் இத்தோடு நிற்கவில்லை. 1961இல் நகரம் சீக்ராமை முன்மாதிரியாகக் கொண்டு புதுச் சட்டம் போட்டது. முன்னால் ஒரு சதுர அடித் திறந்தவெளி விட்டால், நெருக்கமான வணிகப் பகுதிகளில் 10 சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம் என்றது அது. சீக்ராம் சலுகை வாங்காமல் விட்டதை மற்றவர்கள் சலுகைக்காக விட்டார்கள்; உட்கார இடமில்லாத, காற்று மட்டும் சுழன்றடிக்கும் வெற்று முற்றங்கள் பெருகின. வில்லியம் வைட் என்பவர் 1970களில் கேமராவோடு இந்த முற்றங்களில் ஆட்களை எண்ணினார். அழகோ வடிவமோ அல்ல, உட்கார இடமிருக்கிறதா என்பதே கூட்டத்தைத் தீர்மானிக்கிறது என்று கண்டார். சீக்ராமின் படிகளிலும் திண்டுகளிலும் ஆள் இருந்துகொண்டே இருந்தது. 1975இல் இருக்கைகள் கட்டாயமாயின.

வேடிக்கை என்னவென்றால், முன்மாதிரியாக எடுத்துக்கொண்ட அதே கட்டடத்துக்கு நகரம் வரியைத் தீட்டியது. வாடகை வருமானத்தை வைத்து மதிப்பிடுங்கள் என்றது சீக்ராம் நிறுவனம். கட்டிய செலவை வைத்துத்தான் என்றது நகரம். செலவு சுமார் 3.6 கோடி டாலர். 1964இல் மாநில உச்ச மேல்முறையீட்டு மன்றமும் நகரத்தின் பக்கமே நின்றது. நன்றாகக் கட்டியதற்கு அபராதம் என்று கட்டடக் கலைஞர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு.

வெண்கல உத்திரம் பொய்தான் என்பதிலிருந்து பொறியாளர் கடைசிவரை இறங்கவில்லை. முன்முற்றத்தைப் பற்றி, அந்தாள் விட்டது சரி, இனி வாங்குபவன் வளைத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எளிதில் முடியாது. 1989இல் நகரம் கட்டடத்தையும் முற்றத்தையும் சேர்த்தே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்துவிட்டது. நகரின் சின்னங்கள் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அந்தப் பச்சைத் திண்டை உரிமையாளரும் அகற்ற முடியாது.