சுலைமான் மலையில் ஒரு காலைப்பொழுது



கிர்கிஸ்தானின் ஓஷ் நகரில் மருத்துவம் பயிலும் மகனைக் காணச் சென்றிருந்தோம். நகரின் நடுவே, வீடுகளுக்கு மேலாக ஒரு பாறை மலை எழுந்து நிற்கிறது. சுலைமான் தூ என்பது அதன் பெயர். 'தூ' என்றால் மலை. நபி சுலைமான் (அலை) அவர்கள் இங்கு வந்து தொழுதார்கள் என்பது அவ்வூர் மக்களின் நம்பிக்கை. குர்ஆனிலோ ஹதீஸிலோ அதற்குச் சான்று இல்லை என்பதை அறிவோம். ஆயினும் அப்பெயரைக் கேட்டதும் மனம் இளகியது உண்மை.

2009 ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனைப் பண்பாட்டுக்கான உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்நாட்டில் உலகப் பாரம்பரியத் தகுதியை முதலில் பெற்றது இம்மலையே. ஐந்து சிகரங்கள், பழங்காலப் பாறைச் செதுக்கல்கள் உள்ள 101 இடங்கள், இன்றும் மக்கள் நாடிவரும் 17 வழிபாட்டிடங்கள், அவற்றை இணைக்கும் ஒற்றையடிப் பாதைகள். கட்டடங்களில் பெரும்பாலானவை மீண்டும் எழுப்பப்பட்டவை. உச்சியில் பாபர் இளவயதில் கட்டிய சிற்றறைகூடச் சோவியத் காலத்தில் அழிந்து, பின்னர் புதிதாக எழுந்ததுதான். ஆகவே இம்மலையின் பழமை கட்டடங்களைவிட மக்களின் வருகையிலேயே தங்கியிருக்கிறது. அவ்வருகை நின்றுவிட்டால் பலகையில் எழுதிய தகுதியால் என்ன பயன்?

பாதையோரம் ஒரு சாய்பாறை உண்டு. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதில் சறுக்கி இறங்குவர். தலைமுறை தலைமுறையாக உடல்கள் உரசியதால் கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடக்கிறது. நாங்கள் சென்றபோது மாமியாரும் மருமகளும் போலத் தோன்றிய இருவர் அங்கு நின்றிருந்தனர். எங்களுள் ஒருவர் கைபேசியை உயர்த்திவிட்டார். இளம்பெண் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, சறுக்காமலே படியிறங்கிப் போனாள். படத்தை உடனே அழித்தோம். அவள் திரும்பி வரவில்லை.

கல் பிள்ளை தராது. தருபவன் அல்லாஹ் ஒருவனே. இதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் அன்று அவளுக்கு நாங்கள் மார்க்கம் எதுவும் சொல்லவில்லை, கூச்சத்தை மட்டுமே கொடுத்தோம். நம்மூர் தர்காக்களில் அழும் தாய்மாரைப் படம்பிடிப்போரைக் கண்டு முகம் சுளித்தவர்கள்தாம் நாங்களும்!

உச்சியிலுள்ள பாபரின் அறையில் ஒரு நேரத்தில் சிலரே நிற்க இயலும். இரண்டு ரக்அத் தொழுது, அப்பெண்ணுக்காகத் துஆ செய்தோம். வெளியே வந்தபோதுதான் தொழக் காத்திருந்த உள்ளூர் முதியவர்களைக் கண்டோம்.

படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் மலையேறுவோருக்கு உதவுகின்றன. பாறைகளில் பெயர் கீறுவோரைத் தடுக்கக் காவல் தேவைதான். ஆயினும் அவை மட்டும் போதா. விடியற்காலையையும் வெள்ளிக்கிழமையையும் உள்ளூர் மக்களுக்கென விட்டுவைத்தால் என்ன? சாய்பாறையின் அருகே படமெடுக்கலாகாது என்று பல மொழிகளில் ஒரு பலகை வைக்கப் பெருஞ்செலவு ஆகாது. சுற்றுலாப் பயணிகளைக் குறைப்பதினும், அவர்கள் எங்கே நிற்கலாம் என்று வகுப்பது எளிது.

அடுத்த மாதம் மகனுடன் பயில்வோரின் பெற்றோர் சிலர் வரவிருக்கிறார்கள். மலையேறும் முன்பே அவர்களிடம் அந்தப் பாறையைப் பற்றிச் சொல்லிவிடுமாறு மகனிடம் கூறியிருக்கிறோம்.