குறைந்தபட்சம் என்னும் வெற்றுக் கட்டம்

கரோல் பாக்கின் கஃபார் மார்க்கெட்டில், கைப்பேசி பழுது பார்க்கும் கடையொன்றின் முன் அந்த ஆய்வு மாணவி மூன்றாவது முறையாக வந்து நின்றாள். கையில் அவளே வடிவமைத்த மின்சுற்றுப் பலகை. முதல் தொகுதிப் பலகைகள் ஓராண்டாகப் பழுதின்றி இயங்குகின்றன. அதே வரைபடம், அதே பாக எண். இரண்டாம் தொகுதியோ ஒரு துடிப்பு வந்தால் இரண்டென எண்ணுகிறது. கடிகார வேகம் வெறும் 10 மெகாஹெர்ட்ஸ். பிழை மென்பொருளில்தான் என்று ஆய்வகத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். அவளது ஆய்வேட்டின் அளவீடுகள் அனைத்தும் அந்தப் பலகையை நம்பியிருந்தன.

கடைக்காரர் வெப்பக் காற்றால் பழைய பலகையின் சில்லைக் கழற்றிப் புதியதில் பொருத்தினார். எண்ணிக்கை சரியாயிற்று.

தரவுத்தாளின்படி இரு சில்லுகளும் ஒன்றே. தாமதத்தின் அதிகபட்சம் அச்சிடப்பட்டிருந்தது. குறைந்தபட்சம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. உற்பத்தியாளர் சில்லை இன்னும் நுண்ணிய அளவுக்கு மாற்றும்போது அது விரைவுபடுகிறது. தாளின் வாக்குறுதியும் மீறப்படுவதில்லை. வாங்குபவர்தான் மீறப்படுகிறார். அலைக்காட்டியில் பழைய சில்லின் எழுநேரம் 4 நானோநொடி, புதியதற்கு 1.

பலகையில் மின்குறிகை நானோநொடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. செல்லும். 4 நானோநொடி விளிம்பு 60 செ.மீ.க்குப் பரவியிருக்கும், அதில் ஆறில் ஒரு பங்கான 10 செ.மீ.க்குள் அடங்கும் தடம் வெறும் கம்பிபோலவே நடந்துகொள்ளும். அவள் வரைந்த கடிகாரத் தடம் 9 செ.மீ. விளிம்பு 1 நானோநொடியானதும் அந்த எல்லை 2.5 செ.மீ. ஆகச் சுருங்கிவிட்டது. தடத்தின் முனையில் எழுந்த எதிரொலியே அந்த இரண்டாம் துடிப்பு. கடிகாரத்தை மேலும் மெதுவாக்கியும் பயனில்லாததன் காரணம் இதுவே.

இன்டெல் முன்னெடுத்து 1993இல் வெளிவந்த ஐபிஸ் வடிவம் இதற்காகவே பிறந்தது எனலாம். உள்சுற்றை வெளிக்காட்டாமல், வெளியீட்டு இயக்கியின் மின்னழுத்த-மின்னோட்ட அட்டவணைகளையும் விளிம்பு வேகத்தையும் அது தருகிறது. வழக்கமான நிலைக்கு மட்டுமன்றி இரு எல்லைகளுக்கும். டிடிஆர்3 நினைவகம் ஒரு படி மேலே சென்று, வெளியே வைத்த 240 ஓம் மின்தடையோடு ஒப்பிட்டுத் தன் மின்மறுப்பை 34 ஓம் என்று தானே திருத்திக்கொள்கிறது. அவளது எளிய சில்லுக்கு இந்த வசதியெல்லாம் ஏது?

“சில்லு கெட்டதில்லை பேட்டி, அதற்கு அவசரம் அதிகம்” என்றார் கடைக்காரர், அவள் விளக்கியதைக் கேட்டபின். நுண்ணோக்கியின் கீழே தடத்தைச் சில்லின் காலருகே வெட்டி 33 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்தார். இயக்கியின் சுமார் 17 ஓமும் அதுவும் சேர்ந்து, தடத்தின் 50 ஓமுக்கு ஈடாயின. எதிரொலி அடங்கிற்று.

அடுத்த கொள்முதல் பட்டியலில், பாக எண்ணுக்குக் கீழே அவள் ஒரு வரி சேர்த்தாள்: எழுநேரம், குறைந்தபட்சம் 3 நானோநொடி.