நூறு மீட்டரில் பின்தங்கியவன் ஓடத் தெரியாதவனா?



பள்ளி விளையாட்டுப் போட்டிக்காலம் நெருங்கினால் நம் தமிழ்ப்பள்ளித் திடல்களில் ஓட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை தொடங்கிவிடும். பெரும்பாலான பள்ளிகளில் இதற்கு ஒரே வழிதான் கையாளப்படுகிறது. மாணவர்களை வரிசையாக நிறுத்தி 100 மீட்டர் ஓடச் செய்வோம். முதலில் வரும் நால்வர் ஓட்டக்காரர்கள். எஞ்சியோர் இல்லக் கூடாரத்தில் அமர்ந்து கைதட்டுவோர். பின்னர் 800 மீட்டருக்கும் குறுக்கோட்டத்திற்கும் ஆள் தேவைப்படும்போதும் அந்த நால்வரையே மீண்டும் அழைக்கிறோம்.

இவ்வழக்கம் சரியானதா? விரைவோட்டத்தில் வெல்பவன்தான் நெட்டோட்டத்திலும் வெல்வானா? உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில் இக்கேள்வி என்னை நெடுநாளாகத் தொடர்ந்து வருகிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்ததையும் பொந்தியானில் மாணவர்களோடு பழகிக் கற்றதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

முதலில் ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஓட்டவீரர்களின் நேரத்தை 100 மீட்டருக்கு எத்தனை வினாடி எனச் சராசரியாகப் பிரித்துப் பாருங்கள்.

டாக்டர் எம். ஜெகதீசன், 200 மீட்டர், மெக்சிகோ ஒலிம்பிக், 1968: 20.92 வினாடி. 100 மீட்டருக்கு 10.46.

பி. ராஜ்குமார், 800 மீட்டர், ஆசிய வெற்றியாளர் போட்டி, ஜக்கார்த்தா, 1985: 1 நிமிடம் 47.37 வினாடி. 100 மீட்டருக்கு 13.42.

எம். இராமச்சந்திரன், 10,000 மீட்டர், 1994: 29 நிமிடம் 30.19 வினாடி. 100 மீட்டருக்கு 17.70.

கென்யாவின் மறைந்த கெல்வின் கிப்டம், மரத்தான், சிக்காகோ, 2023: 2 மணி 35 வினாடி. 100 மீட்டருக்கு ஏறக்குறைய 17.15.

முதல் மூவரும் நம் நாட்டுத் தமிழர்கள். ஜெகதீசனின் 200 மீட்டர் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள், எவராலும் முறியடிக்கப்படாமல் இருந்தது. ராஜ்குமாரின் 800 மீட்டர் சாதனையும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்றது.

இனி அந்தக் கடைசி எண்ணைப் பாருங்கள். 100 மீட்டருக்கு 17 வினாடி! நம் ஆறாம் ஆண்டு மாணவர்களில் பலர் இந்த வேகத்தை எட்டிவிடுவர். ஆனால், கிப்டம் அதனை இடைவிடாமல் ஏறக்குறைய 422 முறை ஓடினார். நம் மாணவன் இரண்டாவது முறையிலேயே மூச்சு வாங்குகிறான். ஆகவே, நெட்டோட்டத்தில் அரிதான பொருள் வேகம் அன்று. அந்த வேகத்திலேயே நிலைத்து நிற்கும் ஆற்றல்தான் அரிது.

உடலுக்குள் நடப்பது

நம் தசைகளில் இருவகை நார்கள் உண்டு. விரைவாகச் சுருங்கும் நார்கள் மிகுந்த விசையைத் தரும், விரைவில் களைத்துவிடும். மெதுவாகச் சுருங்கும் நார்கள் குறைந்த விசையையே தரும். ஆனால், நெடுநேரம் உழைக்கும். இவ்விரண்டும் எந்த அளவில் கலந்துள்ளன என்பது பெருமளவு பிறவியிலேயே அமைவது.

சக்தியைப் பெறும் வழியும் இரண்டு. 100 மீட்டர் ஓட்டத்திற்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதி உயிர்வளியின் உதவியின்றியே தசைக்குள் உண்டாகிறது. 800 மீட்டரில் பாதிக்கு மேற்பட்ட சக்தி, ஏறத்தாழ 60 விழுக்காடு அல்லது அதற்கும் மேல், உயிர்வளியைக் கொண்டு பெறப்படுகிறது. 5,000 மீட்டரில் அது 90 விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. ஆகவே, 100 மீட்டர் ஓட்டம் நெட்டோட்டத்திற்கு வேண்டிய உறுப்புகளைச் சோதிப்பதே இல்லை. இதயமும் நுரையீரலும் முழுவேலையைத் தொடங்குவதற்குள் அப்போட்டி முடிந்துவிடுகிறது.

அப்படியானால் விரைவோட்ட வேகம் நெட்டோட்டத்திற்குப் பயனற்றதா? இல்லை. இங்கேதான் நாம் கவனமாகச் சிந்திக்க வேண்டும்.

ஒரு மாணவன் 100 மீட்டரை 14 வினாடியிலும் இன்னொருவன் 16.5 வினாடியிலும் ஓடுவதாகக் கொள்வோம். இருவரும் 800 மீட்டரை 3 நிமிடம் 12 வினாடியில் ஓட முயல்கின்றனர். 100 மீட்டருக்கு 24 வினாடி. முதலாமவன் தன் வேகத்தில் 58 விழுக்காட்டை மட்டுமே செலவிடுகிறான். இரண்டாமவனோ 69 விழுக்காட்டைச் செலவிட வேண்டியுள்ளது. மிச்சமிருக்கும் இந்த வேகச் சேமிப்பு நடுத்தர ஓட்டங்களில் பெருந்துணை. தூரம் கூடக் கூட அதன் பங்கு குறைந்து, உயிர்வளியைப் பயன்படுத்தும் திறனின் பங்கு மிகுகிறது.

வரலாறு காட்டும் சான்றுகள்

நம் நாட்டு எம். ராஜாமணியை எண்ணிப் பாருங்கள். 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200, 400, 800 மீட்டர் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தங்கமும் அவருக்கே. விரைவோட்டக்காரரின் வேகம் 800 மீட்டர் வரை கைகொடுக்கும் என்பதற்கு அவரே சான்று.

1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் கியூபாவின் அல்பெர்த்தோ ஹுவான்தொரேனா 400 மீட்டரை 44.26 வினாடியிலும் 800 மீட்டரை 1 நிமிடம் 43.50 வினாடியிலும் ஓடி இரண்டிலும் தங்கம் பெற்றார். அந்த 800 மீட்டர் இறுதிச் சுற்றில் தொடக்கத்தில் விரைந்து முன்னணியில் ஓடியவர் இந்தியாவின் ஸ்ரீராம் சிங். அவர் ஏழாவதாக முடித்த 1 நிமிடம் 45.77 வினாடி, 2018 வரை இந்தியச் சாதனையாக நின்றது.

மறுபக்கத்தையும் காண்போம். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 1960-இல் 800 மீட்டரிலும், 1964-இல் 800, 1500 மீட்டர் இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். ஒரு சுற்று ஓட்டத்தில் அவரைவிட விரைவானவர்கள் பலர் இருந்தனர். அவருடைய பயிற்றுநர் ஆர்தர் லிடியார்ட் வாரத்திற்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் ஓடச் செய்து, நிலைத்து ஓடும் ஆற்றலை முதலில் வளர்த்தார். இறுதி 200 மீட்டரில் மற்றவர்கள் களைத்திருக்கையில் ஸ்னெலிடம் மட்டும் வேகம் மிச்சமிருந்தது.

பிரிட்டனின் மோ ஃபாரா 5,000, 10,000 மீட்டர் ஓட்டங்களில் புகழ்பெற்றவர். அவரே 2013-இல் 1500 மீட்டரை 3 நிமிடம் 28.81 வினாடியில் ஓடினார். நெட்டோட்டக்காரருக்கும் கடைசிச் சுற்றில் வேகம் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஆக, வேகம் என்பது ஒருவனின் எல்லை. அந்த எல்லைக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் ஓடமுடியும் என்பதே நெட்டோட்டம். எல்லையை ஓரளவே விரிக்கலாம். ஆனால், அதனை நெருங்கும் ஆற்றலைப் பொறுமையான பயிற்சியால் வெகுவாக வளர்க்கலாம்.

எங்கள் திடலில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டில் இரு மாணவர்கள் இருந்தனர். ஒருவன் பள்ளியிலேயே விரைவானவன். மற்றொருவன் 100 மீட்டரில் கடைசிக்கு முந்தியவன். அன்னாசித் தோட்டத் தொழிலாளியின் மகன். அவனுடைய தாயார் என்னிடம், "அவனுக்கு ஓட்டமெல்லாம் வராது சார், படிப்ப மட்டும் பாக்கட்டும்," என்றார். பத்து வயதிலேயே அவன்மீது ஒட்டப்பட்டுவிட்ட தீர்ப்பு அது. அவனும் அதனை நம்பியிருந்தான்.

திடலைச் சுற்றிக் கூம்புகள் வைத்து, ஆறு நிமிடத்தில் எத்தனை சுற்று ஓடமுடிகிறது என வகுப்பு முழுவதையும் சோதித்தேன். விரைவானவன் முதல் இரண்டு சுற்றுகள் முன்னணியில் ஓடி, பிறகு நடக்கத் தொடங்கினான். தோட்டத் தொழிலாளியின் மகன் தொடங்கிய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தான். வகுப்பில் மிகுந்த சுற்றுகள் ஓடியவன் அவனே. நான் எண்ணிக்கையைச் சொன்னபோது அவன் நம்பாமல், "மறுபடி எண்ணுங்க சார்," என்றான்.

இருவரையும் பயிற்சிக்கு அழைத்தேன். விரைவானவனின் தந்தைக்கு மனமில்லை. "வேகமா ஓடுற பையன மெதுவா ஓட வெச்சா, இருக்கிற வேகமும் போயிடும்லா சார்?" எனக் கேட்டார். நியாயமான அச்சம். வாரத்தில் ஒருநாள் விரைவோட்டப் பயிற்சி கட்டாயம் உண்டு என்றும், மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் அளவில்தான் ஓட்டம் என்றும் விளக்கினேன். இரண்டு மாதம் கழித்து 100 மீட்டர் ஓடவிட்டுக் காட்டினேன். அவன் வேகம் சிறிதும் குறையவில்லை.

முடிவு என்ன தெரியுமா? 800 மீட்டரில் விரைவானவன் முந்தினான். குறுக்கோட்டத்தில் மற்றவன் அவனைப் பின்தள்ளினான். இருவரும் பள்ளிக்குத் தேவையானவர்களே! 100 மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் ஒருவனை முற்றாக இழந்திருப்போம். இன்னொருவனின் 800 மீட்டர் திறமை வெளிப்படாமலேயே போயிருக்கும்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

தொடக்கப்பள்ளி வயதில் 100 மீட்டர் முடிவை இன்னொரு காரணத்தாலும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். ஒரே வகுப்பில் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் சேர்ந்தே ஓடுகின்றனர். இருவருக்கும் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. வளர்ச்சிப் பருவம் முன்கூட்டியே வந்தவர்களுக்கு நீண்ட கால்களும் கூடுதல் தசையும் வாய்க்கின்றன. இன்று பின்தங்குபவன் மூன்றாண்டில் முந்திச் செல்லலாம்.

நான் கடைப்பிடிக்கும் சில வழிகள்:

1. தேர்வுக்கு 100 மீட்டருடன் ஆறு நிமிட ஓட்டத்தையும் சேர்த்து, இரண்டு பட்டியல்கள் தயாரிக்கலாம்.

2. நான்காம் ஆண்டு முதல் நாம் நடத்தும் செகாக் சோதனையில் மூன்று நிமிடம் பலகை ஏறி இறங்கியபின் நாடித்துடிப்பைப் பதிகிறோம். அப்பதிவேட்டைக் கோப்பில் உறங்கவிடாமல் ஒருமுறை புரட்டினால் நெட்டோட்டத்திற்கு ஏற்ற பிள்ளைகள் சிலர் தென்படுவர்.

3. பிள்ளைகளைக் கடுந்தூரம் ஓடவைக்க வேண்டா. களைப்பின்றி ஓடும் பழக்கமும் வாரத்தில் ஒருநாள் குறுந்தூர விரைவோட்டமும் போதும். நம் வெயிலையும் ஈரப்பதத்தையும் எண்ணிக் காலை வேளையில் ஓடச் செய்து, தண்ணீர் தரவேண்டும்.

4. எந்தப் பிள்ளையையும் ஒரே தூரத்தோடு கட்டிப்போட வேண்டா.

பொந்தியானில் மலைகள் குறைவு. ஆனால், அன்னாசித் தோட்டங்களுக்கும் செம்பனைக்கும் இடையே வடிகால் ஓரமாகச் செல்லும் சமமான மண்சாலைகளுக்குக் குறைவில்லை. செலவில்லாத நெட்டோட்டப் பாதைகள் அவை! செயற்கைத் தடமும் விலையுயர்ந்த காலணியும் இல்லாத சிறிய தமிழ்ப்பள்ளிகளுக்கு நெட்டோட்டம் பொருத்தமான விளையாட்டு என்பது என் கருத்து. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையும் அரிய செல்வம். ஒரு சில வினாடி வேறுபாட்டை வைத்து அவர்களில் பாதிப்பேரைக் கூடாரத்திற்கு அனுப்புவது நமக்குக் கட்டுப்படியாகாது.

இவ்வாண்டுத் தேர்வின்போது 100 மீட்டர் முடிந்ததும் பட்டியலை மூடிவிடாதீர்கள், ஆசிரியப் பெருமக்களே. இன்னும் ஆறு நிமிடம் பொறுத்திருங்கள். உங்கள் பள்ளியிலும் தன் ஆற்றலை அறியாத ஒரு பிள்ளை இருக்கக்கூடும்.

அன்புடன்,
பொந்தியானிலிருந்து ஓர் ஆசிரியன்