மீதிப் பத்துப் பவுன்

வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் வெளிவந்த கதை. ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்துகிறேன். ருக்மிணியின் அப்பா செல்வத்தை இழந்ததும், அவளைத் தாங்கிய மாமியார் வீடே மகனுக்கு வேறு பெண் பார்க்கிறது. நாகராஜன் மனதுக்குள் அதற்கு உடன்படவில்லை. ஆனாலும் அதை அவளிடம் உடைத்துச் சொல்லாமல் விளையாட்டாக மறைக்கிறான். அவள் குளத்தில் விழுந்து சாகிறாள்.

"பணத்தாசை பாசத்தைக் கொன்றது" என்று முதுகலைத் தேர்வில் எழுதினேன். நல்ல மதிப்பெண்.

அதே ஆண்டுதான் அண்ணியின் அப்பா கடையை மூடினார். போடுவதாகச் சொன்ன மீதிப் பத்துப் பவுன் வரவில்லை. "வாம்மா, சாப்பிடு" என்றழைத்த அம்மா, அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக்கூட நிறுத்தினாள். அண்ணன் செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டான். நான் அண்ணி வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுத் தேர்வுக்குப் படித்தேன். அவள் கொண்டுவந்த வளையல்கள் என் கட்டணத்துக்காக அடகில் இருந்தன.

அண்ணி சாகவில்லை. இன்றும் அந்த வீட்டில்தான் சமைக்கிறாள். வேலை கிடைத்ததும் வளையல்களை மீட்டுக் கொடுத்தேன். வாங்கிப் பீரோவில் வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பணம் பாசத்தைக் கெடுக்கும் வீட்டில் ஆசைப்பட்டவர்கள் சிலர். அதனால் பயன்பட்டு வாயை மூடிக்கொண்டவர்கள் பலர். இப்போது வகுப்பில் மாமியாரோடு நான் நிறுத்துவதில்லை.

"பேசாமல் இருந்தவர்கள் யார் யார்?" என்று கேட்கிறேன். மாணவிகள் பெயர்களை அடுக்கும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.