சுறாவின் பயம்

கடல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அலை அல்ல, மூச்சுச் சத்தம். 'டெப்த்' என்னும் கணினி விளையாட்டில் டைவராக இறங்கினால் காதோடு கேட்கும் சத்தம் அது. இந்த விளையாட்டை நியூசிலாந்தின் டிஜிட்டல் கன்ஃபெக்‌ஷனர்ஸ் நிறுவனம் 2014 நவம்பரில் வெளியிட்டது. இணையத்தில் ஆறு பேர் கூடுவோம். நான்கு பேர் டைவர்கள், இரண்டு பேர் சுறாக்கள். ஸ்டீவ் என்ற குட்டி இயந்திரம் கடலடியில் பெட்டகங்களைத் திறந்துகொண்டே போகும். அதற்குக் காவலாக நீந்த வேண்டும், சிதறிக் கிடக்கும் தங்கத்தைப் பொறுக்கி ஆயுதம் வாங்க வேண்டும்.

"தனியா போகாதடா" என்று அத்தை மகன் ஹெட்செட்டில் கத்துவான். தங்கம் எப்போதும் இருட்டு மூலையில்தான் மின்னும். யாராவது ஒருவர் போவார். அடுத்த கணம் அவருடைய குரல் மட்டும் அறுந்துபோகும். சுறாவை யாருமே பார்த்திருக்க மாட்டோம்.

பார்க்காததால்தான் அந்தப் பயம். 1975இல் வெளியான 'ஜாஸ்' படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிவிட, இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதை அதிகம் காட்டாமலே படத்தை எடுத்தார். ஒரு தலைமுறையே கடலில் கால் வைக்கத் தயங்கியது. மூலக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே பின்னாளில் மனம் மாறி, 2006இல் இறக்கும்வரை சுறாக்களைக் காப்பாற்றச் சொல்லிப் பேசிவந்தார். அவருடைய மனமாற்றத்தை எனக்குப் புரியவைத்தது இந்த விளையாட்டு.

சுறாவாக ஆடும் முறை வந்தபோது பலம் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கிடைத்தது எச்சரிக்கை. நான்கு பேர் ஒட்டி நின்று சுட்டால் சுறாவின் உயிர் நொடிகளில் போய்விடும். பாறைக்குப் பின்னால் பதுங்கி, பிரிந்த ஒருவரைக் கவ்வி, மற்றவர்கள் திரும்புவதற்குள் இருட்டுக்குள் ஓட வேண்டும். டைவராக இருந்தபோது வேர்த்ததைவிட உள்ளங்கை அப்போதுதான் அதிகம் வேர்த்தது.

நிஜக் கடலும் அப்படித்தான். தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் வளைகுடாவில் சீல் தீவைச் சுற்றி வெள்ளைச் சுறாக்கள் விடியற்காலையில் அடியிலிருந்து எகிறிப் பாய்ந்துவந்தன. பாய்ச்சலில் பாதிக்குப் பாதி தவறியது. 2015இல் போர்ட், ஸ்டார்போர்ட் என்று பெயர் வைக்கப்பட்ட இரண்டு ஓர்க்காக்கள் (கொலைத் திமிங்கலங்கள்) அங்கே தென்பட்டன. 2017இல் கான்ஸ்பாய் கரையில் ஓர்க்காக்களிடம் ஈரலைப் பறிகொடுத்து இறந்த வெள்ளைச் சுறாக்கள் ஒதுங்கின. பிழைத்தவை பழகிய இடத்தைவிட்டே விலகின. 2023இல் மோசல் வளைகுடாவில் ஸ்டார்போர்ட் தனியாக ஓர் இளம் வெள்ளைச் சுறாவை இரண்டு நிமிடத்துக்குள் கொன்றது.

'டெப்த்'திலேயே இன்னொரு ஆட்டம் உண்டு. ஒருவர் மட்டும் மெகலடான் என்னும் ராட்சதச் சுறா, மற்ற எல்லோரும் அதை வேட்டையாடுவோர். கொன்றவரே அடுத்த மெகலடான். கொன்ற சந்தோஷம் அடங்குமுன் எல்லாத் துப்பாக்கியும் நம் பக்கம் திரும்பியிருக்கும்.

இந்த விளையாட்டு பிறந்த நியூசிலாந்து 2007இலேயே வெள்ளைச் சுறாவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. கடிக்க வரும் வாயாக மட்டும் ஓர் உயிரை அறிந்தவர்கள் அதைக் காக்க முன்வர மாட்டார்கள். அதற்கும் பயம் உண்டு, பசி உண்டு, தவறிப்போன பாய்ச்சல்கள் உண்டு என்று அறிந்தவர்கள் வருவார்கள். சுறாவாக ஆடிய ராத்திரிகளுக்குப் பிறகு நானும் அவர்களில் ஒருவன்.